ஒரு முறம் தவிடு

என் வயதுக்காரர்களே, சின்ன வயதில் உங்களை அழவைப்பதற்கென்றே வீட்டில் ஒரு அண்ணனோ மாமாவோ இருந்திருப்பார். "உன்னையத் தவிட்டுக்குத்தாம்ளா வாங்கினோம்" என்று சொல்லிவிட்டு, நீங்கள் உதட்டைப் பிதுக்குவதைப் பார்த்துச் சிரித்திருப்பார். நீங்கள் அழுதுகொண்டே அம்மாவிடம் ஓடியிருப்பீர்கள். "அவன் கெடக்கான். நீ என் வயித்துல பொறந்த தங்கம்லா" என்று அவள் உங்கள் மூக்கைத் துடைத்துவிட்டிருப்பாள். அத்தோடு அது முடிந்திருக்கும்.

எனக்கு அது முடியவில்லை. என்னை நிஜமாகவே தவிட்டுக்கு விற்றார்கள். விற்றவள் என்னைப் பெற்ற அம்மா.

அவளைப் போன மாதம்தான் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்தோம். "பேரன் பேத்தி எல்லாம் பாத்தாச்சு, குறையில்லாத சாவு" என்று வந்தவர்கள் எல்லாம் ஒரே பாட்டைப் பாடினார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. குறையில்லை என்று இவர்களுக்கு எப்படித் தெரியும்? என் பேரப்பிள்ளைகளிடம் சொல்லலாம் என்றால் அதுகள் தவிட்டைக் கண்ணால் பார்த்ததில்லை. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

எனக்கு முன்னால் அம்மாவுக்கு மூன்று பிள்ளைகள். ஒன்றும் தங்கவில்லை. ஒன்று பிறந்த அன்றே போனது. ஒன்று தவழும்போது போனது. மூன்றாவது, "அம்மா" என்று கூப்பிடத் தொடங்கிய கொஞ்ச நாளில் போனது. அப்பா கொழும்புத் தோணியில் வேலை பார்த்தவர். மூன்று தடவையும் அவர் கடலில் இருந்தார். திரும்பி வந்து காலித் தொட்டிலைத்தான் பார்த்தார்.

நான் பிறந்ததும் மருத்துவச்சி சொன்னாளாம்: "இது ஒம்பிள்ளையா இருந்தா ஒனக்குத் தங்காது. வித்துரு." சாவு என்பது எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து, என் அம்மாவின் பிள்ளை எங்கே என்று தேடுமாம். இங்கே இருப்பது வேறொருத்தியின் பிள்ளை என்று தெரிந்தால் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பிவிடுமாம். வாங்குகிறவள் பெற்ற பிள்ளைகளில் ஒன்றைக்கூடப் பறிகொடுக்காதவளாக இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை.

மாதா கோயில் மணி கேட்கிற தெருவில், ஞானஸ்நானம் வாங்கி நானூறு வருஷத்துக்கு மேலான குடும்பத்தில் இப்படியா என்று கேட்காதீர்கள். பிள்ளை செத்துக்கொண்டே இருக்கிற வீட்டில் யார் எதைச் சொன்னாலும் செய்வார்கள்.

அடுத்த தெருவில் ஒருத்தி இருந்தாள். புருஷன் சங்கு குளிக்கப் போகிறவர். ஐந்தும் ஆண் பிள்ளைகள், ஐந்தும் கல்லுக்குண்டு மாதிரி. அவள் ஆடு வளர்த்ததால் வீட்டில் எப்போதும் தவிடு இருந்தது. நான் பிறந்த ஏழாம் நாள் ஒரு முறம் தவிட்டோடு வந்து, எங்கள் நடையில் அதை வைத்துவிட்டு, அம்மா மடியிலிருந்து என்னைத் தூக்கிக்கொண்டு போனாள். கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கொண்டுவந்தாள். "எம்பிள்ள இது. வளக்கத்தான் ஒங்கிட்ட விடுதேன், பாத்துக்கோ" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாளாம். அவளை ஊரே தவிட்டம்மா என்றது. நான் நேரில் அம்மா என்று கூப்பிட்டேன். இங்கே குழப்பம் வராமல் தவிட்டம்மா என்றே எழுதுகிறேன்.

பெற்றவளை அக்கா என்று கூப்பிட்டேன். அப்படித்தான் பழக்கினார்கள். காகிதத்துக்குக் காது கிடையாது என்கிற தைரியத்தில் இங்கே அவளை அம்மா என்று எழுதுகிறேன்.

மற்றபடி எல்லாப் பிள்ளைகளையும் போலத்தான் வளர்ந்தேன். அம்மா வீட்டில்தான் தின்றேன், அவள் பக்கத்தில்தான் படுத்தேன். அவள் கையில் எப்போதும் மஞ்சளும் மீனும் கலந்த ஒரு வாசம் இருக்கும். தலைக்கு எண்ணெய் வைக்கும்போது அந்த வாசமும் சேர்ந்து இறங்கும். பின்தெருவில் சங்கு சேர்த்துவைக்கிற கிட்டங்கியிலிருந்து நாற்றம் அடிக்கிற நாட்களில் அவள் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டுதான் தூங்குவேன். எனக்குச் சோறு ஊட்டும்போது வாசலைப் பார்த்துச் சத்தமாகச் சொல்வாள்: "அடுத்த வீட்டுப் பிள்ள, நல்லாத் தின்னு!" வாசலில் யாரும் இருக்க மாட்டார்கள். யார் கேட்பதற்காக அதைச் சொன்னாள் என்று எனக்கு வெகுநாள் கழித்துத்தான் விளங்கியது.

எனக்குப் பிறகு தம்பி பிறந்தான். அவனை விற்கவில்லை. நான் தங்கிவிட்டதால் பயம் தெளிந்திருந்தது. அவன் காலையில் கண் விழித்ததிலிருந்து அம்மா, அம்மா என்று வீட்டை இரண்டாக்குவான். ஒரே தட்டில் நாங்கள் சாப்பிடும்போது அவன், "அம்மா, கொழம்பு" என்பான். நான், "அக்கா, கொழம்பு" என்பேன். ஒருநாள் அவனைக் காரணமே இல்லாமல் கடித்துவைத்தேன். ஏன் கடித்தேன் என்று அம்மா கேட்கவில்லை. அவன் கையில் மஞ்சள் தடவினாள். என்னையும் இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

இதற்கு ஒரு முடிவு வைத்திருந்தார்கள். நான் புதுநன்மை வாங்குகிற, அதாவது கோயிலில் முதல்முதலாக நற்கருணை வாங்குகிற அன்றைக்குக் காலையில் அம்மா ஒரு முறம் தவிட்டைக் கொண்டுபோய்த் தவிட்டம்மாவிடம் கொடுக்க வேண்டும். அவள் என்னைத் திருப்பித் தருவாள். அதன்பிறகு நான் அம்மாவை அம்மா என்று கூப்பிடலாம்.

அந்தக் கோடையை நினைத்தால் இப்போதும் நாக்கு வறள்கிறது. குழாயில் தண்ணீர் வருவது அருமையாகிவிட்டது. ஜன்னல் கம்பியைத் தொட்டால் உப்பு விரலில் ஒட்டும். பூவரச மரத்தடியில் சிஸ்டர் எங்களை உட்காரவைத்து மந்திரங்களை நெட்டுருப் போடவைத்தார். அப்பா கொழும்பிலிருந்து வெள்ளை நைலான் துணி கொண்டுவந்திருந்தார். மற்றப் பிள்ளைகள் கவுனைப் பற்றியும் கிரீடத்தைப் பற்றியும் பேசுவார்கள். எனக்குத் தவிட்டைப் பற்றித்தான் கவலை.

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ரயிலில் வாழை இலை கொண்டுவந்து விற்கிறவளிடம் அம்மா சொல்லிவைத்தாள். "புது நெல்லுத் தவிடா, உமி கலக்காம கொண்டாங்க. ஆட்டுக்கு இல்ல, பிள்ளைக்கு." இலைக்காரிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கொண்டுவந்தாள். அம்மா அதைச் சலித்து, மூடி போட்ட ஒரு ஓலைப்பெட்டியில் கொட்டி, குசினிப் பரணில் வைத்தாள். அவள் இல்லாத நேரம் நான் ஏறிப் பெட்டிக்குள் கையை விட்டுப் பார்ப்பேன். வெதுவெதுப்பாக, லேசான இனிப்பு வாசத்தோடு இருக்கும். இதுதான் நான் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த நாட்களில் அம்மா மீன் ஆய்ந்துகொண்டே பாடுவாள். நான் அவள் பாடிக் கேட்டது அந்தக் கோடையில் மட்டும்தான். மத்தியானம் தம்பி தூங்கியதும் என்னை முன்னால் உட்காரவைத்துக் குசுகுசுவென்று கேட்பாள். "அன்னைக்கு என்னைய என்னன்னு கூப்பிடுவ?"

நான் சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைப்பேன். ஒட்டி, விரியும் இரண்டு உதடுகள். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரிப்பாள். "இன்னொரு தடவ" என்பாள். நான் மறுபடி அசைப்பேன். இந்த விளையாட்டு எங்கள் இருவருக்கும் மட்டுமே தெரியும்.

புதுநன்மைக்கு ஒரு வாரம் இருக்கையில் தவிட்டம்மாவின் மூத்த மகன் இறந்துபோனான். என்னைச் சைக்கிள் பாரில் வைத்துப் பழைய துறைமுகத்துக்குக் கூட்டிப்போய்த் தோணி காட்டுகிற அண்ணன் அவன். விஷக்காய்ச்சல் என்றார்கள். படுத்தான், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், துணி சுற்றிக் கொண்டுவந்தார்கள்.

தவிட்டம்மா அழவில்லை. மூலையில் சுருண்டு கிடந்தாள். என்னைக் கண்டால் மட்டும் எழுந்து உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் இருந்தால் இரண்டு வாய் கஞ்சி குடித்தாள். அதனால் அம்மா என்னை அங்கேயே விட்டுவைத்தாள். நானும் அவர்கள் வீட்டுப் பானைத் தண்ணீரையே குடித்துக்கொண்டு, அந்த இருட்டு வீட்டில் அவள் மடியில் கிடந்தேன். அவள் என் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே இருப்பாள்.

அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, எங்கள் குசினி வாசலில் வந்து நின்று சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. "ஏளா, பேசினது பேசினதுதான். சட்டுனு தவிட்டக் கொண்டு குடுத்துட்டுப் பிள்ளையக் கூட்டிட்டு வா. அவ ராசியும் போச்சு, பாத்துக்கோ."

"எப்படி மைனி கேக்க?" என்றாள் அம்மா. "பெத்ததுல ஒண்ண மண்ணுல வச்சிட்டு வந்து கெடக்கா. அவ வாசல்ல போயி நின்னு, மடியில இருக்கதையும் குடுன்னா கேக்கச் சொல்லுதிய?"

"அப்போ எப்பக் கேப்ப?"

"கொஞ்ச நாளு போட்டும். அவளே கூப்பிட்டுக் குடுப்பா."

அம்மா நல்லவள். நல்லவளாக இருந்ததில்தான் எல்லாம் கெட்டது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

சனிக்கிழமை எங்களுக்கு முதல் பாவசங்கீர்த்தனம். மற்றப் பிள்ளைகள் பொய் சொன்னேன், சீனி திருடினேன் என்று தயாரித்து வைத்திருந்தார்கள். நான் முழங்காலில் இருந்து, மனதில் கிடந்ததைச் சொன்னேன். "சாமி, நான் எங்க அம்மைய அம்மானு கூப்பிடுறதே இல்ல."

பங்குச்சாமியார் வெளியூர்க்காரர், வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. "ஏம்மா, அம்மா மேல கோவமா?" என்றார்.

"இல்ல சாமி. கூப்பிடக் கூடாது."

எனக்குப் பின்னால் நீள வரிசை நின்றது. அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. "அம்மாவை அம்மான்னு கூப்பிடாம வேற யாரைக் கூப்பிடப் போற? வீட்டுக்குப் போனதும் வாய் நிறைய அம்மான்னு கூப்பிடு. அதுதான் உனக்கு அபராதம்."

பாவத்துக்குப் பரிகாரமாகச் சாமியார் கொடுப்பதை அபராதம் என்போம். மற்றவர்களுக்கெல்லாம் மூன்று அருள்நிறை மந்திரம். எனக்கு இது. எனக்கு நிலைகொள்ளவில்லை. சாமியாரே சொல்லிவிட்டார், இனி யார் தடுப்பார்கள்? வீடு வரைக்கும் ஓடினேன்.

அம்மா அம்மியில் மீன்குழம்புக்கு மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். நான் பின்னால் போய் நின்று, "அம்மா" என்றேன்.

அவள் திரும்பினாள். அந்த முகத்தை நான் உங்களுக்கு எப்படிச் சொல்வேன்? ஒரு கணம்தான். அப்படி ஒரு முகம் அவளுக்கு இருந்தது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது, பிறகு அதை நான் பார்க்கவே இல்லை. மறுகணம் மிளகாய்க் கையாலேயே என் வாயைப் பொத்தினாள். கண் வாசலுக்குப் போனது.

"சொல்லாத. சொல்லாதளா. இன்னும் குடுக்கலியே."

உதடு தீயாக எரிந்தது. நான் கத்தினேன். அவள் என்னை முற்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், அந்தத் தண்ணீர்ப் பஞ்சத்திலும் குடம் குடமாக எடுத்து வாயைக் கழுவிவிட்டாள். "சாமிதான் சொல்லச் சொன்னாரு" என்று நான் அழுதேன். "சாமிக்கு என்ன தெரியும்? அவரு பிள்ள பெத்துப் பறிகுடுத்தாரா?" என்று அவளும் அழுதாள்.

மறுநாள் வீங்கின உதட்டோடு புதுநன்மை வாங்கினேன். காலையில் எனக்குக் கிரீடம் வைத்து முக்காடு குத்துவதற்குத் தவிட்டம்மா வந்தாள். துக்கம் கழியாமல், கறுப்புச் சேலையோடு. அவளைப் பார்த்துத் தெருவே முணுமுணுத்தது. "எம்மவளுக்குப் புதுநன்மை. நான் வராம யாரு வருவா?" என்றாள். முக்காட்டை எடுத்துக் கையில் வைத்திருந்த அம்மா, அதை அவளிடம் நீட்டிவிட்டு மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். பரணில் தவிடு இருந்தது. அவள் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. தவிட்டம்மா ஊசி குத்தும்போது நடுநடுவே அம்மாவைத் திரும்பிப் பார்த்தது மட்டும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அந்த வாரமே எனக்குக் காய்ச்சல் வந்தது. அண்ணனைக் கொண்டுபோன அதே காய்ச்சல். டாக்டர் முதலில் கேட்டதே, "இவ எங்க தண்ணி குடிச்சா?" என்பதுதான். நான் அவர்கள் வீட்டுப் பானையில் குடித்தது அம்மாவுக்குத் தெரியும். அனுப்பிவைத்ததே அவள்தான். ஆனால் அது அவள் காதில் ஏறவில்லை. வேண்டாம் என்று சொல்லியும் பிள்ளை அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டது, சாவு கேட்டுவிட்டது, அவ்வளவுதான். நான் சொல்லும்போதே காய்ச்சல் உடம்புக்குள் இருந்திருக்கும் என்பது இன்றைக்கு எனக்குத் தெரிகிறது. என்ன பிரயோசனம்?

கண்ணைத் திறக்கும்போதெல்லாம் கட்டில் காலடியில் அவள் முழங்காலில் நிற்பது தெரியும். ஒருதடவை அவள் சொன்னது தெளிவாகக் கேட்டது. "மாதாவே, இந்தப் பிள்ளைய மட்டும் குடு. அந்த வார்த்த எனக்கு வேண்டாம். சாவுற வரைக்கும் கேக்க மாட்டேன்."

மாதா கொடுத்துவிட்டாள். முடியெல்லாம் கொட்டி, குச்சியாக வீட்டுக்கு வந்தேன். அதன்பிறகு அந்த உதட்டசைவு விளையாட்டும் இல்லை. ஒருநாள் ஆசையாக உதட்டை அசைத்தேன். அவள் எழுந்து வேறு அறைக்குப் போய்விட்டாள்.

ஆனாலும் அந்தப் பெட்டியை அவள் தூக்கிப் போடவில்லை. தவிட்டில் வண்டு விழுந்தால் புடைப்பாள். ஒவ்வொரு அறுப்புக்கும் இலைக்காரியிடம் புதுத் தவிடு வாங்கி, பழையதை ஆட்டுக்குப் போட்டுவிட்டு மாற்றிவைப்பாள். நான் பள்ளிக்கூடம் முடித்தேன், கல்யாணம் ஆனது. கல்யாணத்தில் கோயில் முன்வரிசையில் தாய் இடத்தில் தவிட்டம்மா உட்கார்ந்தாள், பரணில் தவிடு புதிதாக இருந்தது. கேட்க மாட்டேன் என்றுதானே நேர்ந்திருந்தாள்? தவிட்டம்மா தானாகக் கொடுத்தால் மாதா கோபிக்க மாட்டாள் என்று மனதுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தாள் போல.

தவிட்டம்மா கடைசியாகப் படுத்தபோது தருவைகுளத்தில் இளைய மகன் வீட்டில் இருந்தாள். நான் போய்ப் பார்த்தேன். பழையபடி என் விரல்களைத் தடவிக்கொண்டே பேசினாள். "ஒங்க அக்கா ஒரு வார்த்த கேட்டிருந்தா அன்னைக்கே குடுத்திருப்பேன்ளா. முக்காடு குத்தும்போதே இப்பக் கேப்பா, இப்பக் கேப்பான்னு பாத்தேன். அவ கேக்கல. மகன் ஒருத்தன் இருக்கான், பொட்டப்பிள்ள அவளுக்கு வேண்டாம் போலன்னு நெனச்சேன். வேண்டாத பிள்ளைய எப்படித் திருப்பிக் குடுக்க? பிள்ள மனசு நோவாதா?"

சாகக் கிடக்கிறவளிடம் பரணில் இருக்கிற தவிட்டைப் பற்றிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவளை அடக்கம் செய்த பிறகுதான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா நாற்காலியைப் போட்டு ஏறி, பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள். நான் பிடிக்கப் போனேன், விடவில்லை. தெருவில் நின்ற ஆடுகளுக்கு முன்னால் அதைக் கவிழ்த்தாள்.

"வாங்கினவ போயிட்டா. இனி யாருகிட்ட குடுக்க?" என்றாள். ஆடுகள் தின்று முடிக்கும் வரைக்கும் நின்று பார்த்தாள். அந்த ஓலைப்பெட்டியும் பிறகு எங்கே போனதோ தெரியவில்லை.

சொல்லித் தொலைத்திருக்கலாமே என்பீர்கள். எதற்காகச் சொல்வேன்? அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றுதானே? ஒருதடவை சொல்லி, அவள் முகம் வெளிறி வாசலைப் பார்த்ததை நான் பார்த்திருக்கிறேன். நான் நாற்பது வயதில் ஒரு தும்மல் போட்டாலும் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு உட்காருகிறவள் அவள்.

என் மகள் பேசத் தொடங்கியபோதுதான் அம்மாவுக்குக் கொஞ்சம் விடிந்தது. ஆச்சி, ஆச்சி என்று அது அவள் காலைச் சுற்றிக்கொண்டே கிடந்தது. தன்னைக் கூப்பிடுவதைவிட அது என்னைக் கூப்பிடுவதைக் கேட்பதில்தான் அம்மாவுக்கு ஆசை. "எங்க, ஒங்க அம்மையக் கூப்பிடு பாப்போம்" என்பாள். பிள்ளை, "அம்மா!" என்று கத்தும். நான் அடுப்படியிலிருந்து என்ன என்பேன். "ஒண்ணுமில்ல, நீ வேலையப் பாரு" என்பாள். கொஞ்ச நேரத்தில் பிள்ளையிடம் மெதுவாக, "இன்னொரு தடவ" என்பாள். கதவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். என் மகளுக்குக் கல்யாணமாகி அதன் பிள்ளைகள் வந்த பிறகும் இந்தப் பழக்கம் போகவில்லை. கொள்ளுப்பேரன்களுக்குப் பூந்தி கொடுத்துக் கூப்பிடச் சொல்வாள். ஆச்சிக்கு என்ன கிறுக்கு என்று அதுகள் சிரிக்கும்.

கடைசியில் ஆஸ்பத்திரியில் நான்தான் கூட இருந்தேன். நினைவு வந்து வந்து போனது. தம்பி உள்ளே வந்து, "அம்மா" என்று தோளைத் தொட்டால் கண்ணைத் திறப்பாள். அவன் வெளியே போனதும் நான் பக்கத்தில் குனிவேன். அன்றைக்கு மத்தியானம் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு என்ன தோன்றியதோ, சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்தேன். அவளுக்குத் தெரிந்ததா, தெரியவில்லையா? கை மட்டும் படுக்கையிலிருந்து எழும்பி என் வாயை நோக்கி வந்தது. பொத்த வந்ததா, தொட வந்ததா என்று எனக்குத் தெரியாது. பாதியிலேயே விழுந்துவிட்டது.

சாயங்காலம் மூச்சு நின்றது. இனி எந்தச் சாவு கேட்டால் என்ன, எதைக் கொண்டுபோய்விடும்? ஊரே கேட்கக் கத்தலாம். வாயைத் திறந்தேன். தம்பி அம்மா, அம்மா என்று தலையில் அடித்துக்கொண்டு அழுகிறான். என் வாயிலிருந்து, அறுபது வருஷம் பழகின வாயிலிருந்து, "அக்கா" என்றுதான் வந்தது. மறுபடியும் முயன்றேன். மறுபடியும் அக்கா.

குளுக்கோஸ் குழாயைக் கழற்ற வந்த நர்ஸ் சின்னப் பெண், வடக்கே எந்த ஊரோ. என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "அழாதீங்கம்மா. உங்க அக்காவா? ரொம்ப மூத்தவங்களா இருக்காங்களே. அம்மா மாதிரி வளத்தாங்களோ?"

"ஆமாம்மா" என்றேன். "அம்மா மாதிரிதான்."